பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிச் சீமையின் ஒரு தேரிக்காட்டு ஊரில் பிறந்து, தெலுங்கு நாட்டின் கடைக்கோடி மக்களிடையே 35 ஆண்டுகள் உழைத்து மறைந்தவர் அசரியா. அவரைப் பற்றிக் கட்டுரை எழுதுவோரும், ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துவோரும், இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல்லுக்குப் பயணம் போக நினைப்போரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

அசரியா யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயராக அபிஷேகம் பெற்ற முதல் இந்தியர். பிறப்பு 17 ஆகஸ்ட் 1874, மறைவு 1 ஜனவரி 1945. 1895 முதல் 1909 வரை ஒய்.எம்.சி.ஏ. ஊழியர். 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தையும், 1905-இல் தேசிய மிஷனெரி சங்கத்தையும் தொடங்கியவர்களில் முக்கியமானவர். 1912 முதல் சாகும்வரை தோர்ணக்கல் பேராயர். தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., உருவாவதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர்.

எந்த ஊர்க்காரர்? குடும்பம் எப்படிப்பட்டது?

வெள்ளாளன்விளை. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், மெஞ்ஞானபுரத்தை அடுத்த செம்மண் தேரிப் பகுதியில் இருக்கிறது. ஊர்ப் பெயரைப் பார்த்து அவர் வெள்ளாளர் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள், அது தவறு. குடும்பம் நாடார் சமூகம். அக்காலத்தில் சாணார் என்று இழிவாக அழைக்கப்பட்டு, பல கோயில்களுக்குள்ளும் தெருக்களிலும் தடுக்கப்பட்டு, படிப்பாலும் வணிகத்தாலும் மேலேறிக்கொண்டிருந்த சமூகம் அது. தந்தை தாமஸ் வேதநாயகம் அந்த ஊர்ச் சபையின் குருவானவர், தாய் எலன். தந்தை சீக்கிரமே இறந்துவிட்டார். மெஞ்ஞானபுரம் விடுதிப் பள்ளியிலும் திருநெல்வேலியிலும் படித்துவிட்டுச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார்.

இந்தப் பின்னணியைச் சும்மா கடந்துபோகக் கூடாது. ஒரு தலைமுறைக்குள் ஒரு சமூகம் தலைநிமிர முடியும் என்பதை அவர் தம் வீட்டு முற்றத்திலேயே கண்டிருந்தார். தெலுங்கு நாட்டில் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட மாலர், மாதிகர் சாதி மக்களிடையே அவர் நம்பிக்கை இழக்காமல் உழைத்ததற்கு அதுவே வேர் என்று நினைக்கிறோம்.

அவர் பி.ஏ. பட்டம் பெறவில்லை என்பது உண்மையா?

உண்மைதான். உடல்நலக் குறைவால் கணிதத் தேர்வு எழுத முடியாமல், பட்டமின்றியே கல்லூரியை விட்டு வெளியேறினார். 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. ‘கேம்பிரிட்ஜில் படித்தவர்’ என்று சில நினைவு மலர்களில் வருவது இதைத் தப்பாகப் புரிந்துகொண்டதால்தான்.

யாழ்ப்பாணத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

பெரிய தொடர்பு. 1902-இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையாக யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்கள் சொந்தக் காசைச் சேர்த்து, கடலுக்கு இக்கரையில் தொண்டி வட்டாரத்துக்கு ஊழியர் அனுப்பி நடத்திக்கொண்டிருந்தார்கள். சின்னத் தீவின் சின்னச் சபை செய்வதை, நூறாண்டுக்கு மேல் வயதான, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொண்ட திருநெல்வேலிச் சபை செய்யவில்லையே என்ற வெட்கத்தோடு ஊர் திரும்பினார். மறு ஆண்டே, 12 பிப்ரவரி 1903 அன்று, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அவரே முதல் செயலாளர்.

1905 கிறிஸ்துமஸ் நாளில் வங்காளத்துச் செராம்பூரில், ஆங்கிலேய மிஷனெரி வில்லியம் கேரியின் நூலகத்தில் கூடிய பிரதிநிதிகள் தேசிய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். சேலத்துக்காரரான கே.டி. பால் இதில் அவருடைய தோழர். இரண்டு சங்கங்களுக்கும் கொள்கை ஒன்றே: ஆள் இந்தியர், பணம் இந்தியப் பணம், நிர்வாகம் இந்தியர் கையில். வங்கப் பிரிவினையும் சுதேசி இயக்கமும் கொதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டு அது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பணம் வாங்காமல் எப்படி நடத்தினார்கள்? பிடியரிசி முறை என்பது என்ன?

சந்தா, அறுப்புப் பண்டிகைக் காணிக்கை, பிடியரிசி என்று பல வழிகள். கைப்பிடியரிசி திருநெல்வேலிச் சபைகளில் வேரூன்றிய பழக்கம். அதையே தோர்ணக்கல்லிலும் பழக்கப்படுத்தினார்கள்.

முறை எளிது. அடுப்பங்கரையில் தனியாக ஒரு கலயம் இருக்கும். உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம், குடும்பத்துக்கு அளந்ததிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து அதில் போட வேண்டும். மிஞ்சியதிலிருந்து எடுப்பது பிடியரிசி ஆகாது. ஞாயிறு வந்ததும் கலயத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பொதுக் கூடையில் கொட்டுவார்கள். சேர்ந்ததை விற்றுக் கணக்கில் வைப்பார்கள், அல்லது ஊர் உபதேசியாருக்குச் சம்பளத்தில் ஒரு பங்காகத் தருவார்கள். ஒரு கைப்பிடி சுமார் 40 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இரு வேளை என்றால் வாரத்தில் 14 பிடி, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். முப்பது வீடுகள் உள்ள ஊரில் வாரம் 16, 17 கிலோ சேரும். ஓர் ஆசிரியர் குடும்பம் பட்டினியில்லாமல் இருக்க அது போதும்.

தெலுங்கானாப் பகுதியில் அன்றைய ஏழையின் உணவு பெரும்பாலும் சோளம், எனவே கலயத்தில் விழுந்தது சோளமாகவும் இருக்கும். காசு கையில் புழங்காத கூலிக் குடும்பங்கள் முட்டை, கோழி, மிளகாய், பூசணி என்று கொண்டுவந்தன. ஆராதனை முடிந்ததும் அவை ஏலத்தில் போகும்.

இது எங்கே சறுக்கும் என்றால், கணக்கில்தான். கூடையில் விழுந்ததை அன்றே எல்லார் முன்னும் அளந்து சொல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் கலயங்கள் காலியாகிவிடும். பல வீட்டு அரிசி கலப்பதால் சந்தையில் விலை குறைவு. மழைக்காலத்தில் புழு வைக்கும். வாரம் தவறாமல் விற்றாக வேண்டும். இவ்வளவு தொல்லை இருந்தும் அசரியா இதை விடாமல் வலியுறுத்தியதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. வாங்கியே பழகிய கை கொடுக்கத் தொடங்கும்போது அந்த மனிதனின் நிலையே மாறுகிறது என்று அவர் உறுதியாக நம்பினார். அவருடைய சமூகப் பணியின் மையம் இதுதான் என்பது எங்கள் கருத்து. பள்ளிக்கூடம், மருந்தகம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

திருநெல்வேலிச் சங்கம் எதற்காகத் தோர்ணக்கல்லைத் தேர்ந்தெடுத்தது?

அப்போது அது நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில் மானுக்கோட்டை வட்டாரம். பரந்த பகுதி, மிஷன் வேலை ஏறக்குறைய நடக்கவே இல்லை, மொழி தெலுங்கு, அதாவது தமிழருக்குப் புதிது. தமிழ்ச் சபை தன் மொழிக்கும் சாதிக்கும் வெளியே போக வேண்டும் என்பதுதான் நோக்கமே. சங்கத்தின் முதல் மிஷனெரி சாமுவேல் பாக்கியநாதன் அங்கே போனார்.

அனுப்பியவர் தாம் போகாமல் இருப்பது சரியா என்ற கேள்வி அசரியாவை அரித்தது. 1909-இல் ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டு, குருப்பட்டம் பெற்று, சாதாரண மிஷனெரியாகத் தோர்ணக்கல் போனார். 35 வயதில் தெலுங்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். முதலில் குடியிருந்தது கூடாரத்தில்.

எடின்பரோவில் அவர் பேசியது ஏன் இன்றும் பேசப்படுகிறது?

1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. வந்திருந்த சுமார் 1,200 பேரில் ஆசியச் சபைகளைச் சேர்ந்தவர்கள் இருபதுக்கும் குறைவு. அங்கே நின்று, வெளிநாட்டு மிஷனெரிகளுக்கும் உள்ளூர் ஊழியர்களுக்கும் இடையிலான உறவு எஜமான்–வேலைக்காரன் உறவாக இருப்பதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். பேச்சை இப்படி முடித்தார்: “ஏழைகளுக்கு அன்னமிட உங்கள் பொருளைத் தந்தீர்கள். சுட்டெரிக்கப்பட உங்கள் சரீரத்தையும் தந்தீர்கள். நாங்கள் அன்பையும் கேட்கிறோம். எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்!”

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 13-ஆம் அதிகாரத்தை அறிந்தவர்களுக்கு இதன் கூர்மை புரியும். ‘அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை’ என்று அந்த வசனம் முடிகிறது. அதைச் சொல்லாமலே சொல்லிவிட்டார். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை. கடைசி வரியை மட்டும் மேற்கோள் காட்டினால் நன்றியுரைபோல் தொனிக்கும், முதல் இரண்டு வரிகளையும் சேர்த்தே எழுதுங்கள்.

அவரைப் பேராயராக்கியது யார்? எதிர்ப்பு இருந்ததா?

முயற்சி எடுத்தவர் சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட். அபிஷேகம் 29 டிசம்பர் 1912 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் நடந்தது. தலைமை வகித்தவர் ரெஜினால்டு கோப்பிள்ஸ்டன். இவர் கல்கத்தாவுக்கு வருமுன் கொழும்புப் பேராயராக இருந்தவர். ஆங்கிலிக்கன் முறைப்படி புதிய பேராயர் தலையில் குறைந்தது மூன்று பேராயர்கள் கைவைக்க வேண்டும். அசரியாவுக்கு அப்போது வயது 38.

எதிர்ப்பு பலமாகவே இருந்தது. ஓர் இந்தியரின் அதிகாரத்தின் கீழ் ஐரோப்பிய மிஷனெரிகள் இருப்பதா என்ற முணுமுணுப்பு ஒரு பக்கம். இந்தியக் கிறிஸ்தவர்களிடமிருந்தே வந்த எதிர்ப்பு மறுபக்கம், அதில் சாதியும் கலந்திருந்தது. இதை மறைத்து எழுதும் வரலாறுகள் அவருக்கு நியாயம் செய்வதில்லை. முதலில் கொடுக்கப்பட்ட மண்டலம், அதாவது பேராயரின் பொறுப்பில் உள்ள பகுதி, சிறியது, ஐரோப்பிய மிஷனெரிகள் அநேகமாக இல்லாத இடம். அந்த முணுமுணுப்பைத் தவிர்க்க அது வசதியாக இருந்தது. 1920-களில் எல்லை விரிந்து, சி.எம்.எஸ். என்ற ஆங்கிலேய மிஷன் நெடுநாள் உழைத்த கிருஷ்ணா, கோதாவரிப் பகுதிகளும் நந்தியால் வட்டாரமும் சேர்ந்தபோதுதான் வெள்ளைக்கார மிஷனெரிகள் பெருமளவில் அவர் பொறுப்பின் கீழ் வந்தார்கள். எதிர்பார்த்த பூகம்பம் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அவர் இறக்கும்வரை இந்திய ஆங்கிலிக்கன் சபையில் சொந்த மண்டலத்தை ஆண்ட இந்தியர் வேறு யாரும் இல்லை. 32 ஆண்டுகள் ஒரே ஒருவர்!

மண்டலம் எவ்வளவு வளர்ந்தது?

பின்னாளில் தோர்ணக்கல் மண்டலமான பகுதியில் 1912-இல் சுமார் 57,000 ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர்கள். 1941-இல் சுமார் 2,25,000. 1930-களின் நடுவில் இந்தியக் குருவானவர்கள் ஏறக்குறைய 250 பேர், கிராம ஆசிரியர்கள் 2,000-க்கு மேல். கூடவே மருந்தகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், அச்சகம். வந்தவர்களில் மிகப் பெரும்பான்மை மாலர், மாதிகர். இன்றைய சொல்லில் தலித் மக்கள்.

ஒரு கிராமம் எப்படிச் சபையானது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

தனி மனிதர் ஒவ்வொருவராக வருவது அரிது. ஊருக்கு வெளியே இருந்த குடியிருப்பின் பெரியவர்கள் கூடிப் பேசி, பக்கத்து ஊரில் ஏற்கெனவே கிறிஸ்தவர்களான உறவினரைப் பார்த்துவிட்டு, ‘எங்களுக்கும் ஒரு ஆசிரியரை அனுப்புங்கள்’ என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்த ஆசிரியர்தான்.

தோர்ணக்கல்லில் பயிற்சி பெற்றவர் மனைவி மக்களோடு வந்து அந்தக் குடியிருப்பிலேயே குடிசை போடுவார். பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளி. பெரியவர்கள் பகல் முழுதும் வயலில் இருப்பதால் அவர்களுக்குப் பாடம் இரவில், விளக்கடியில். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே மனப்பாடம்: கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள். தெலுங்குப் பாட்டும் பஜனை மெட்டும் இதற்குப் பெரிய துணை. சாராயத்தையும் செத்த மாட்டுக் கறியையும் விடுவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். மாதங்கள் பல ஆகும், சில இடங்களில் ஆண்டுகளும் ஆகும். பிறகு குருவானவர் சோதித்து ஞானஸ்நானம் கொடுப்பார். அப்புறம் பேராயர் வந்து திடப்படுத்தல் ஆராதனை நடத்துவார்.

ஞானஸ்நானம் பெற்றவர்களிடம் அசரியா செய்யச் சொன்ன ஒன்று தெலுங்கு நாட்டில் இன்றும் நினைவில் இருக்கிறது. தம் கையைத் தம் தலையிலேயே வைத்துக்கொண்டு, ‘நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன். சுவிசேஷத்தைப் பிரசங்கியாவிட்டால் எனக்கு ஐயோ’ என்று சொல்ல வேண்டும். பவுல் அப்போஸ்தலனின் வார்த்தை அது. நேற்றுவரை ஊர்ச்சாவடியில் வாய் திறக்க உரிமையில்லாதவர் வாயில் அதைக் கொடுத்தார்.

கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு ஆசிரியரை வேறு ஊருக்கு மாற்றினால், பெரும்பாலும் அந்தச் சபை நாலைந்து ஆண்டில் கரைந்துவிடும். அம்மை, காலரா வந்தால் பயம் மீண்டும் கிராமத் தேவதையிடம் இழுக்கும். எல்லாவற்றையும்விடக் கடினம் நிலக்கிழாரின் கோபம். கோயில் திருவிழாவில் பறையடிப்பதும், செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும், கூலியில்லா வெட்டி வேலையும் இந்தச் சாதிகளின் ‘கடமை’ என்று இருந்தது. பறையடிக்க மாட்டேன் என்றால் களத்தில் கிடைக்கும் தானியப் பங்கு நின்றுபோகும். கடனை உடனே கட்டு என்பார்கள். இதனால்தான் தனி ஆள் மாறுவதைவிடக் குடியிருப்பே சேர்ந்து மாறுவது பாதுகாப்பாக இருந்தது. ‘கூட்டமாக வருகிறார்களே, இது மனமாற்றமா?’ என்று கேட்பவர்கள் இந்த நடைமுறைக் காரணத்தை மறந்துவிடுகிறார்கள்.

‘நான்கு பேய்கள்’ என்று அவர் சொன்னது எவற்றை?

அழுக்கு, நோய், கடன், குடி. கிராமம் கிராமமாக இவற்றுக்கு எதிராகப் பேசினார். நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன: குடிக்கக் கடன், கடனால் பட்டினி, பட்டினியும் அழுக்கும் சேர்ந்து நோய், நோய் வந்தால் மறுபடி கடன். எனவே ஒன்றை மட்டும் ஒழிக்க முடியாது. கிணறு, சுத்தம், பள்ளி, கூட்டுறவுக் கடன், மதுவிலக்கு எல்லாவற்றையும் சபையின் வேலையாகவே அவர் பார்த்தார்.

மாலரும் மாதிகரும் ஒரே சபையில் ஒத்துப்போனார்களா?

எளிதில் இல்லை. மாலர் தம்மை மாதிகரைவிட உயர்ந்தவர் என்று கருதினார்கள். சேர்ந்து உண்பது, பெண் கொடுப்பது கிடையாது. திருவிருந்தில் எல்லாரும் ஒரே கிண்ணத்தில் பருக வேண்டும் என்பதில் அசரியா விட்டுக்கொடுக்கவில்லை. தமிழ்ச் சபைகளில் சாதிக்கு இடம் கொடுத்ததன் விளைவை அவர் கண்டிருந்தார். ஆனால் திருமணத்திலும் குடியிருப்பிலும் பிரிவு நீடித்தது. அதை அவர் வென்றுவிட்டார் என்று எழுதுவது மிகை.

அவர் மனைவியைப் பற்றி ஏன் அதிகம் எழுதப்படுவதில்லை?

எழுதப்பட வேண்டும். அன்பு மரியம்மாள், தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பைத் தொட்ட முதல் சிலரில் ஒருவர். 1898-இல் திருமணம். தோர்ணக்கல்லில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்றால் அவர்கள் மனைவியருக்கும் பயிற்சி என்ற ஏற்பாட்டில் அவர் பங்கு பெரிது. படிப்பு, பிள்ளை வளர்ப்பு, சுகாதாரம், தையல், ஊர்ப் பெண்களுக்குப் பாடம் சொல்லும் முறை எல்லாம் அதில் அடங்கும். ஆணுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் பாடம் வாசலோடு நின்றுவிடும், வீட்டுக்குள் போகாது என்பது அனுபவம். மக்கள் அவரை ‘அம்மகாரு’ என்றும், பேராயரைத் ‘தண்ட்ரிகாரு’, அதாவது தகப்பனார், என்றும் அழைத்தார்கள்.

காந்தியோடு அவருக்கு என்ன கருத்து வேறுபாடு?

1935 அக்டோபரில் இயோலாவில் அம்பேத்கர், ‘இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன்’ என்று அறிவித்த பிறகு இந்த விவாதம் சூடேறியது. தீண்டாமை இந்து சமயத்துக்குள்ளேயே தீர்க்கப்பட வேண்டியது, ஏழ்மையிலும் அறியாமையிலும் இருப்பவர்களிடம் மதம் மாறச் சொல்வது முறையல்ல என்று காந்தி ‘ஹரிஜன்’ இதழில் தொடர்ந்து எழுதினார். அசரியாவின் நிலை வேறு: தாழ்த்தப்பட்டவனுக்கும் தன் ஆன்மாவைப் பற்றி முடிவெடுக்கும் அறிவு உண்டு, அந்த உரிமையை அவனுக்காக வேறொருவர் மறுக்க முடியாது. வாழ்க்கை மாறிய தலித் கிறிஸ்தவர்களைப் பார்த்துச் சாதி இந்துக்களும் சபைக்கு வருகிறார்கள் என்றும் அவர் சுட்டிக்காட்டினார்.

இருவரும் கதர், சுதேசி, மதுவிலக்கு, கிராம நலம் ஆகியவற்றில் நெருங்கி நின்றவர்கள். அதனால்தான் இந்த வேறுபாடு இவ்வளவு வலித்தது. ஒருவரைத் தேசத்துரோகி என்றோ, மற்றவரைச் சாதிக் காவலர் என்றோ முத்திரை குத்தினால் இரண்டும் தவறு.

அப்படியானால் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதியை அவர் ஆதரித்தாரா?

இல்லை, கடுமையாக எதிர்த்தார். ஆங்கில அரசின் 1932 வகுப்புவாரித் தீர்ப்பு இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி, அதாவது தங்கள் பிரதிநிதியைக் கிறிஸ்தவர்கள் மட்டுமே தேர்ந்தெடுக்கும் முறை, அளித்தது. சபை என்பது வாக்கு எண்ணிக்கைக்காகப் பெருகும் ஒரு சாதிபோல் ஆகிவிடும், ஞானஸ்நானம் அரசியல் கணக்காகப் பார்க்கப்படும் என்று அசரியா அஞ்சினார். கே.டி. பால் வட்டமேசை மாநாட்டில் இதே நிலையை எடுத்தார். அதே மேசையில் கத்தோலிக்கரான ஏ.டி. பன்னீர்செல்வம் தனித்தொகுதி கேட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘கிறிஸ்தவர்களின் நிலைப்பாடு’ என்று ஒன்று அன்று இருக்கவில்லை.

சி.எஸ்.ஐ. உருவானதில் அவர் பங்கு என்ன?

1919 மே 1, 2 தேதிகளில், பிரிந்திருந்த புராட்டஸ்டண்ட் சபைகளை ஒன்றாக இணைப்பது பற்றித் தரங்கம்பாடியில் ஒரு கூட்டம். இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டண்ட் மிஷனெரி சீகன்பால்கு 1706-இல் வந்திறங்கிய கரை அது. கூடியவர்கள் முப்பத்துச் சொச்சம் பேர், இரண்டு மூன்று பேர் தவிர எல்லாரும் இந்தியர். முன்னின்றவர் அசரியா. நம்மைப் பிரிப்பவை நாம் உண்டாக்கியவை அல்ல, மேற்கிலிருந்து நம்மேல் சுமத்தப்பட்டவை என்று அவர்கள் அறிக்கை சொன்னது. ஐக்கியத்துக்கு நான்கு தூண்கள் முன்வைத்தார்கள்: வேதாகமம், இரண்டு விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானம், திருவிருந்து என்ற இரண்டு சாக்கிரமெந்துகள், பேராயர் முறை.

நான்காவதில்தான் 28 ஆண்டு இழுபறி. ஏற்கெனவே இணைந்திருந்த பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகளிலும் பின்னர் பேச்சில் சேர்ந்த மெதடிஸ்டுகளிடமும் பேராயர் கைவைத்துக் குருப்பட்டம் பெறாத குருமார் இருந்தார்கள். அவர்களுக்கு மறுபடி பட்டம் கொடுத்தால் இதுவரை செய்த ஊழியம் செல்லாது என்றாகும். கொடுக்காவிட்டால் பேராயர் முறையில் பிடிவாதமான ஆங்கிலிக்கன் உயர்சபையினர் ஏற்க மாட்டார்கள். கடைசியில் கண்ட வழி இது: இருக்கும் குருமார் அனைவரையும் அப்படியே ஏற்பது, இணைப்பு நாளிலிருந்து புதிய பட்டங்கள் அனைத்தும் பேராயர் கையால் மட்டும், முப்பது ஆண்டு இடைக்காலம். உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாடுகளில் 1920-இலும் 1930-இலும் அசரியா இதற்காக மன்றாடினார். கிராமத்தில் பத்து மைலுக்கு ஒரு மிஷன், ஒரு மிஷன் விலக்கியவரை இன்னொன்று சேர்த்துக்கொள்வது என்ற குழப்பத்தை அன்றாடம் கண்டவருக்கு இது வாழ்வா சாவா என்ற விஷயம்.

1 ஜனவரி 1945 அன்று தோர்ணக்கல்லில் காலமானார். அதே ஜனவரியில் இந்தியா, பர்மா, இலங்கை ஆங்கிலிக்கன் சபையின் பொதுப்பேரவை ஐக்கியத் திட்டத்தை ஏற்றது. 27 செப்டம்பர் 1947 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. பிறந்தது. அவருடைய சொந்த மண்டலத்திலேயே நந்தியால் பகுதிச் சபைகள் பல அதில் சேர மறுத்தன.

தோர்ணக்கல் பேராலயத்தில் என்ன சிறப்பு?

எப்பிஃபனி பேராலயம் என்று பெயர். கட்டி முடிக்க ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆனது. 6 ஜனவரி 1939 அன்று பிரதிஷ்டை. குவிமாடமும் சிறு கோபுரங்களும் இஸ்லாமியச் சாயல், கல்தூண்கள் இந்துக் கோயில் மண்டபச் சாயல். தூண்களில் தாமரை, சாவைக் குறிக்கும் ஊமத்தம்பூ, சாவிலிருந்து எழும் வாழ்வைக் குறிக்கும் வாழைப்பூ. பார்க்கப் போகிறவர்கள் அண்ணாந்து குவிமாடத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் தூண்களின் அருகே நின்று அவற்றின் உச்சியையும் கவனியுங்கள்.

நேரில் போக வேண்டுமானால்?

காசிப்பேட்டை–விஜயவாடா ரயில் பாதையில் தோர்ணக்கல் சந்திப்பு இருக்கிறது. பத்ராசலம் ரோடு கிளைப்பாதை பிரிவது இங்கேதான். பெயர்ப்பலகையில் ‘டோர்ணகல்’ என்று இருக்கும். விரைவு ரயில்கள் எல்லாம் நிற்பதில்லை, எனவே கம்மம் அல்லது வாரங்கல்லில் இறங்கி மாறுவது சுலபம். இப்போது தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டம். பழைய நூல்களில் வாரங்கல் மாவட்டம் என்று இருக்கும். அவருடைய கல்லறையும் தோர்ணக்கல்லில்தான்.

அவரைப் பற்றி எழுதும்போது வழக்கமாக வரும் பிழைகள் எவை?

‘சி.எஸ்.ஐ.யின் முதல் பேராயர்’ என்பது அடிக்கடி வருவது. சி.எஸ்.ஐ. பிறக்கும் முன்பே அவர் மறைந்துவிட்டார். பின்னாளில் சென்னைப் பேராயராக இருந்த மாசிலாமணி அசரியாவோடு குழப்புவது இன்னொன்று. இந்திய மிஷனெரி சங்கமும் தேசிய மிஷனெரி சங்கமும் ஒன்றல்ல: முன்னது 1903 பாளையங்கோட்டை, பின்னது 1905 செராம்பூர். ‘முதல் இந்தியப் பேராயர்’ என்று மட்டும் எழுதுவதும் சரியல்ல. கேரளத்துச் சிரியன் சபைகளில் அவருக்கு நெடுங்காலம் முன்பே இந்தியப் பேராயர்கள் இருந்தார்கள். ‘முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர்’ என்று எழுதுங்கள்.